புகைப்படத்தில் கண்ணியம் எங்கே இருக்கிறது?

டெல்டாவில் நடவு தொடங்கியதும் சமூக வலைத்தளங்களில் படங்களும் வரிசையாக வரத் தொடங்கிவிடும். சேற்றில் குனிந்திருக்கும் பெண்கள், சுருக்கம் விழுந்த ஒரு பெரியவரின் முகம், கறுப்பு வெள்ளையில் காய்ப்பேறிய கை. கீழே தவறாமல் "உழைப்பின் கண்ணியம்" என்று ஒரு வரி. புகைப்படப் போட்டிகளிலும் இந்தத் தலைப்பு அடிக்கடி வருகிறது. ஆனால் அந்த வரியை எடுத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தால், பலவற்றில் களைப்புதான் தெரிகிறது. சிலவற்றில் வறுமை தெரிகிறது. கண்ணியம் தெரிவதில்லை.

எடுத்தவர் மனதில் மரியாதை இல்லாமல் இல்லை. மனதில் இருப்பது படத்துக்குள் எப்படிப் போய்ச் சேருகிறது என்பதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கையில் சாதாரண போன் மட்டும் இருப்பவருக்கும் இது பொருந்தும்.

கண்ணுக்குத் தெரியாத குணம், கேமராவுக்கு எப்படித் தெரியும்?

கேமரா ஒளியைத்தான் பிடிக்கும். வாய்க்கால், மாடு, மூங்கில் தட்டி எல்லாவற்றின் மீதும் வெயில் பட்டுத் திரும்புகிறது, படமாகிறது. கண்ணியம், பொறுமை, துணிவு போன்றவற்றின் மீது வெயில் படாது. அப்படியானால் சில படங்களைப் பார்த்ததும் "என்ன ஒரு கண்ணியம்!" என்று நமக்கு எப்படித் தோன்றுகிறது?

ஒரு கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் ஒரே அண்டாவில் வெந்த சோறு, ஒரே சாம்பார். ஒருவரை வாசலில் வரவேற்று, பந்தியில் உட்காரவைத்து, இலை போட்டு, "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று கேட்டுப் பரிமாறுகிறோம். இன்னொருவரைக் கொல்லைப்புறத்தில் நிறுத்தி, பாத்திரத்தில் கொட்டி அனுப்பிவிடுகிறோம். சாப்பாட்டில் துளியும் வித்தியாசம் இல்லை. ஆனால் முதலாமவர் "போதும்" என்று இலைக்கு மேல் கையை நீட்டித் தடுக்கலாம். இன்னும் கொஞ்சம் ரசம் கேட்கலாம். இரண்டாமவருக்கு அந்த உரிமை இல்லை, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகவேண்டியதுதான்.

இலைக்கு மேல் நீளும் அந்தக் கைதான் விஷயம். ஒரு படத்தில் இருப்பவரிடம் ஏதோ ஒரு முடிவு இருக்கிறது என்று தெரிந்தால் நமக்கு அங்கே கண்ணியம் தோன்றுகிறது. எப்படி நிற்பது, எங்கே பார்ப்பது, எந்த வேலையை எப்படிச் செய்வது, எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று அந்த முடிவு எதுவாகவும் இருக்கலாம். எந்த முடிவுமே அவரிடம் இல்லை என்று தெரிந்தால் தோன்றுவது பரிதாபம். பரிதாபத்தில் பார்ப்பவர் மேலே இருக்கிறார், பார்க்கப்படுபவர் கீழே இருக்கிறார்.

ஆக, கண்ணியத்தை நேரடியாகப் படம் எடுக்க முடியாது. முடிவெடுக்கும் மனிதரைப் படம் எடுக்க முடியும். மற்றதைப் பார்ப்பவரின் மனம் சேர்த்துக்கொள்ளும்.

சில தவறான நம்பிக்கைகள்

இவற்றைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். ஏழைகள் சிரித்தால் கண்ணியம் என்று ஒரு நம்பிக்கை. "சிரிங்கம்மா" என்று சொல்லி வாங்கிய சிரிப்பு எடுத்தவருடைய முடிவுதானே தவிர, சிரித்தவருடையது இல்லை. முகத்தில் சுருக்கம் இருந்தால் கண்ணியம் என்பது அடுத்தது. சுருக்கம் வயதையும் வெயிலையும் சொல்லும், அதற்கு மேல் எதுவும் சொல்லாது. நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாக்கினால் படத்துக்கு ஒரு கனம் வரும், உண்மைதான். ஆனால் அந்தக் கனம் படத்தில் இருப்பவருடையது அல்ல. கீழே படுத்து மேல்நோக்கி எடுத்தால் உயர்வாகத் தெரியும் என்பதும் பாதிதான் சரி. நம் ஊர் கட்அவுட்டுகளில் அந்தக் கோணத்தைப் போதுமான அளவு பார்த்துவிட்டோம். அது நாயகத் தோற்றம். கண்ணியம் வேறு.

கேமராவின் உயரம்: நடவு வயலில்

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். டெல்டாவில் அதிகம் எடுக்கப்படும் படமும் நடவுதான், அதிகம் தவறாகப் போகும் படமும் அதுதான்.

நடவை அருகில் போய்ப் பாருங்கள். இடது கையில் நாற்று முடிச்சு. வலது கை அதிலிருந்து இரண்டு மூன்று நாற்றைப் பிரிக்கிறது, கட்டைவிரலால் சேற்றில் அழுத்துகிறது. அடுத்த இடத்துக்குப் போவதற்குள் அதற்கான நாற்று விரலுக்கு வந்துவிடுகிறது. கண் அளவிலேயே இடைவெளி சரியாக விழுகிறது. நட்டுக்கொண்டே பின்னால் நகர்கிறார்கள், முன்னால் வரிசை வளர்ந்துகொண்டே போகிறது. பல வருடப் பழக்கம் இல்லாமல் இந்த வேகம் வராது.

படம் எடுப்பவர் வழக்கமாக எங்கே நிற்கிறார்? வரப்பில். வரப்பு வயலைவிட உயரம், அதில் நிற்பவர் நிமிர்ந்து நிற்கிறார், எதிரே இருப்பவர்கள் குனிந்திருக்கிறார்கள். பாதி நேரம் அவர் நிற்பது அவர்களுக்குப் பின்பக்கம். கிடைப்பது முதுகுகளின் வரிசை. முகம் இல்லை, விரல் இல்லை, நாற்று இல்லை. அந்த வேலையில் இருக்கும் அறிவு முழுவதும் படத்துக்கு வெளியே போய்விட்டது.

கேமரா எந்த உயரத்திலிருந்து பார்க்கிறது என்பதைக் கோணம் என்கிறோம். மேலிருந்து பார்த்தால் உடல் குறுகும், தரை அதிகம் தெரியும், ஆள் தரையோடு ஒட்டிப்போவார். கண் மட்டத்தில் பார்த்தால் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கும். குனிந்திருப்பவரின் கண் மட்டம் எங்கே இருக்கிறது? முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே. அங்கே கேமரா போகவேண்டும் என்றால் நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, கேட்டுக்கொண்டு, சேற்றில் இறங்க வேண்டும். நட்ட பக்கமாக இறங்கக் கூடாது, பயிர் பாழாகும். பக்கவாட்டில் இறங்கினால் முகமும் கையும் நாற்றும் ஒன்றாகக் கிடைக்கும். இறங்க முடியாதென்றால் காத்திருங்கள். இடுப்பு வலிக்கு எப்படியும் ஒரு முறை நிமிர்வார்கள். அப்போது எடுங்கள்.

இன்னொன்று. சேலையை முழங்கால்வரை ஏற்றிச் செருகி, மேலே ஆண்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டு கட்டித்தான் பலரும் வயலில் இறங்குகிறார்கள். அது வேலைக்கான உடை. அந்தக் கோலத்தில் படத்தில் நிற்க ஒருவர் விரும்பலாம், இன்னொருவர் விரும்பாமல் இருக்கலாம். "எடுக்கலாமாம்மா?" என்று கேட்டால், சிலர் சேலையை இறக்கிவிட்டுக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்பார்கள். இயல்பு போய்விட்டதே என்று படம் எடுப்பவர்கள் வருத்தப்படுவதைப் பார்த்திருக்கிறேன். இந்த வருத்தம் எனக்குப் புரிவதே இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் நாமும் அதைத்தானே செய்கிறோம்?

குனிந்த உடலுக்கு ஒரு வரலாறு உண்டு

மற்ற ஊர்களில் எப்படியோ, பழைய தஞ்சை மாவட்டத்தில் குனிந்த முதுகு வெறும் வடிவம் அல்ல. பண்ணையார் எதிரே வந்தால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும், காலில் செருப்பு கூடாது என்று இருந்த மண் இது. 1952இல் குத்தகைதாரர்களையும் பண்ணையாட்களையும் காக்கத் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சி அது. நிமிர்ந்து நிற்பதற்கு இங்கே பெரிய விலை கொடுத்திருக்கிறார்கள்.

இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், தோளில் துண்டு போட்டு, வீட்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு கூலித் தொழிலாளியின் சாதாரணப் படம் சாதாரணமாகத் தெரியாது. "துண்டை எடுத்துட்டா நல்லா இருக்கும் பெரியவரே" என்று அழகுக்காகச் சொல்லிவிடாதீர்கள்.

தூரம்: மூக்கு ஏன் பெரிதாகிறது?

முகத்துக்கு மிக அருகே போனை நீட்டி எடுத்தால் முகம் கோணலாக வருகிறது. லென்ஸ் சரியில்லை என்று பலர் நினைக்கிறார்கள். காரணம் தூரம்தான்.

மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே சுமார் 12 செ.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூக்கிலிருந்து 30 செ.மீ. தள்ளிப் போனைப் பிடித்தால் காது 42 செ.மீ. தூரத்தில் இருக்கும். அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும் என்பதால், காதோடு ஒப்பிட்டால் மூக்கு 40 சதவீதம் பெரிதாக விழும். அதே ஆளை ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் 150, 162. வித்தியாசம் 8 சதவீதம்தான். முகம் நாம் பழகிய முகமாக இருக்கும். போனில் இருக்கும் சாதாரண லென்ஸும், அதைவிட அகலமாகப் பார்க்கும் வைடு லென்ஸும் நம்மை அருகே இழுக்கும். எனவே இரண்டு எட்டு பின்னால் வந்து, 2எக்ஸ் லென்ஸ் இருந்தால் அதில் எடுங்கள்.

அதற்காகப் பின்னால் போய்க்கொண்டே இருக்கவும் கூடாது. தார்ச்சாலையில் காரை நிறுத்தி, பெரிய ஜூம் லென்ஸில் வயலுக்குள் இருப்பவரை அவருக்குத் தெரியாமல் எடுத்தால் முகம் கோணாது. ஆனால் படத்தில் அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. பேசினால் காது கேட்கும் தூரம் நல்ல தூரம்.

வெளிச்சமும் தோலின் நிறமும்

ஒரு படத்துக்குள் எவ்வளவு ஒளியை விடுவது என்பதை எக்ஸ்போஷர் என்பார்கள். நமக்கு ஒளியளவு என்ற சொல் போதும். கேமரா இதைத் தானே கணக்குப் போடுகிறது. கண்ணில் படுவதெல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறத்தில் இருக்கும் என்று அது வைத்துக்கொள்கிறது. டெல்டாவில் இந்தக் கணக்கு அடிக்கடி தப்பும். தண்ணீர் கட்டிய வயல் முழுவதும் வானத்தைக் காட்டிப் பளபளக்கிறது, ஆள் வெள்ளை வேட்டி வேறு. "வெளிச்சம் அதிகம்" என்று கேமரா எல்லாவற்றையும் இருட்டாக்குகிறது. கறுத்த முகத்தில் கண் எங்கே, மூக்கு எங்கே என்று தெரியாமல் போகிறது.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. கறுத்த முகம் படத்தை நிறைத்தால், "இருட்டாக இருக்கிறது" என்று கேமரா வெளுக்க வைக்கிறது. அதற்கு மேல், முகத்தைத் தானாகவே வெளுத்து வழவழப்பாக்கும் போனின் பியூட்டி மோடும் சேர்ந்துகொள்ளும். கறுப்பைச் சரிசெய்ய வேண்டிய குறை என்று நினைக்கும் பழக்கம் கருவிகளுக்கு எங்கிருந்து வந்தது? ஒரு பழைய கதை உண்டு. வண்ணப் பிரிண்டுகளின் நிறம் சரியா என்று பார்க்க 1950களிலிருந்து கோடாக் நிறுவனம் லேப்களுக்கு ஓர் அளவுப் படம் அனுப்பிவந்தது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். ஷர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அந்தத் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று பல பத்தாண்டுகள் இருந்தார்கள்.

செய்ய வேண்டியது எளிது. திரையில் முகத்தைத் தொடுங்கள், பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ, நேரில் தெரியும் நிறம் வரும்வரை சரிசெய்யுங்கள். பியூட்டி மோடை அணைத்துவிடுங்கள். கறுத்த தோலில் கன்னத்து எலும்பின் மீதும் நெற்றியிலும் ஒளி ஒரு மினுமினுப்பாக நிற்கும், அதைக் காப்பாற்றினால் முகத்துக்கு உருவம் வந்துவிடும். உச்சி வெயிலில் புருவத்தின் நிழல் கண்ணுக்குள் விழுந்து கண்ணையே மறைத்துவிடும். அப்போது திண்ணை இருக்கிறதே, அதைவிட நல்ல ஸ்டுடியோ கிடையாது. மேலே நிழல், தெருப்பக்கமிருந்து பரவலான வெளிச்சம். ஆளைத் தெருவைப் பார்த்து உட்காரச் சொன்னால் போதும்.

இதுவரை பார்த்த மூன்றும், அதாவது கோணம், தூரம், ஒளியளவு, எதிரே இருப்பவரைக் குறைக்காமல் இருப்பதற்கு. குறைக்காமல் விட்டால் மட்டும் கண்ணியம் வந்துவிடாது. அவருடைய முடிவு தெரிய வேண்டும்.

கேமராவைப் பார்க்க வேண்டுமா?

பார்க்கலாம், பார்க்காமலும் இருக்கலாம். சுவாமிமலையில் உலோகச் சிலை வார்க்கும் ஸ்தபதி ஒருவர், முதலில் மெழுகில் உருவம் செய்வதைக் கவனியுங்கள். தென்னை ஓலை நறுக்கை மடித்து, அந்த மடிப்புகளை அளவாக வைத்துக்கொண்டு, முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று உருவத்தைப் பிரிக்கிறார். சூடான கருவியால் மெழுகை இழைக்கிறார். அப்புறம்தான் காவிரி வண்டலைப் பூசி அச்சு செய்வதெல்லாம். மெழுகில் இருக்கும்போது அவர் கண் உங்களைத் தேடாது. முழுக் கவனமும் விரல் நுனியில் இருக்கும். தன்னை மறந்து தன் வேலையில் இருக்கும் ஒருவரின் முகத்தில் முடிவுக்குப் பஞ்சமே இல்லை, ஒவ்வொரு நொடியும் ஒன்றை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். அங்கே "இந்தப் பக்கம் பாருங்க ஸ்தபதி" என்று கூப்பிடுவது படத்தைக் கெடுக்கும். ஓலையும் கையும் முகமும் ஒரே படத்தில் வரும்படி நின்றுகொள்வது உங்கள் வேலை.

நெல் கொள்முதல் நிலையத்திலும் இதே கதைதான். 40 கிலோ மூட்டை முதுகில் ஏறும் அந்த நொடியில் வாய் கோணும், கண் இடுங்கும். பலர் அதைத்தான் எடுக்கிறார்கள். அடுத்த நொடியில் அவர் மூட்டையைச் சற்று அசைத்து, பாரத்தைச் சரிசெய்து, முதல் அடியை வைக்கிறார். பாரம் அப்போதும் அதே 40 கிலோதான், ஆனால் இப்போது அது அவர் பிடியில் இருக்கிறது. நான் எடுப்பதானால் அந்த நொடியைத்தான் எடுப்பேன்.

கேமராவை நேராகப் பார்க்கும் படங்களுக்கு உலகப் புகழ்பெற்ற ஓர் உதாரணம், ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் பமாக்கோ நகரில் 1948இல் ஸ்டுடியோ தொடங்கிய சேது கேய்ட்டா. அவரிடம் படம் எடுத்துக்கொள்ள மக்கள் நல்ல உடை உடுத்தி வருவார்கள். ரேடியோ, பேனா, கைக்கடிகாரம் என்று தங்களுக்குப் பிடித்ததோடு நிற்பார்கள். காசு கொடுத்தவர்கள் அவர்கள், படமும் அவர்களுக்காக எடுக்கப்பட்டது. நமக்கு இது புதிதா என்ன? கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் வரைந்த திரைச்சீலையும் பிளாஸ்டிக் பூ ஜாடியும் வைத்திருந்த ஸ்டுடியோக்களில் நம் தாத்தா பாட்டிகள் நின்றது அப்படித்தான். அந்தப் படங்களைக் கலை என்று அதிகம் பேர் சொன்னதில்லை. கண்ணியம் என்ற தலைப்பில் டெல்டாவில் ஒரு கண்காட்சி வைப்பதானால் நான் முதலில் அந்தப் பழைய ஸ்டுடியோ படங்களைத்தான் மாட்டுவேன்.

படத்துக்குள் வேறு யார் இருக்கிறார்கள்?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. அப்போது வந்த நிவாரணப் படங்களை நினைவுபடுத்திப் பாருங்கள். நடுவில் கொடுப்பவர் கேமராவைப் பார்க்கிறார். ஒரு அரிசிப் பையை நான்கைந்து பேர் பிடித்திருக்கிறார்கள். ஓரத்தில் வாங்கும் பெண், முகம் பாதி வெட்டுப்பட்டு, கைகள் நீண்டபடி. எதைச் சேர்ப்பது, எதை வெட்டுவது என்பதற்குச் சட்டகம் என்று பெயர். இங்கே சட்டகமே கொல்லைப்புறமாகிவிட்டது. அதே வாரத்தில் அதே பெண் சாய்ந்த தென்னையிலிருந்து மட்டைகளை வெட்டி, வீட்டுக்குக் கூரை போட முடைந்துகொண்டிருந்திருப்பார். அதை எடுத்திருக்கலாம்.

இந்தப் பழக்கம் பழையது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் பிடித்தபோது வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ஆங்கில ராணுவ அதிகாரி எடுத்த படங்கள் இன்றும் இருக்கின்றன. எலும்பும் தோலுமாக இருந்தவர்களைக் கூட்டமாக உட்காரவைத்து, படுக்கவைத்து எடுத்தவை. பஞ்சம் எவ்வளவு கொடியது என்பதற்கு அவை சான்று, அந்த வகையில் தேவையானவையும்கூட. ஆனால் அவற்றில் பசி இருக்கிறது, ஆட்கள் இல்லை.

ஒரு சிக்கலான உதாரணத்தையும் பார்த்துவிடுவோம். 2017இல் தமிழக விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டை ஓடுகளோடு உட்கார்ந்தார்கள், எலியை வாயில் கவ்வினார்கள். மானம் போகிறது என்று அப்போது ஊரில் பலர் முகம் சுளித்தார்கள். நான் அதை ஏற்கவில்லை. எதைக் காட்டினால் நாடு திரும்பிப் பார்க்கும் என்று அவர்களே முடிவு செய்தார்கள், அவர்களே நடத்தினார்கள். எலியையும் பல்லையும் மட்டும் வெட்டியெடுத்த படங்களில் அந்த முடிவு காணாமல் போயிற்று. கண்களும், சுற்றி உட்கார்ந்தவர்களும் தெரிந்த படங்களில் அது இருந்தது.

படத்துக்கு வெளியே

கண்ணியத்தைக் காட்டும் படம் என்று உலகம் முழுக்கச் சொல்லப்படும் ஒன்று, 1936இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில் டாரத்தியா லாங் எடுத்த "புலம்பெயர்ந்த தாய்". தாய் தூரத்தைப் பார்க்கிறார், கை கன்னத்தின் அருகே இருக்கிறது, இரண்டு பிள்ளைகள் முகத்தைத் திருப்பித் தோளில் சாய்ந்திருக்கிறார்கள். கண் மட்டக் கோணம், சரியான தூரம், தேவையான சட்டகம். ஆனால் லாங் அவர் பெயரைக் கேட்கவில்லை. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற அந்தப் பெயர் உலகுக்குத் தெரிய 1978 ஆயிற்று. அந்தப் படத்தால் தனக்கு ஒரு பயனும் இல்லை என்ற கசப்பு அவருக்கு இருந்தது. அரசுக்காக இதேபோல் படம் எடுத்த கார்டன் பார்க்ஸ், 1942இல் வாஷிங்டனில் அரசு அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கிய, எல்லா வாட்சன் என்ற பெண்ணைத் துடைப்பத்தோடு அமெரிக்கக் கொடியின் முன் நிறுத்தி எடுத்தார். அதோடு விடாமல் அவர் வீட்டில், பேரப்பிள்ளைகளோடு, வழிபாட்டில் என்று தொடர்ந்து எடுத்தார். பெயரும் அப்போதே தெரியும். லாங்கின் படம் பெரிய படம்தான். இருந்தாலும் எனக்குப் பார்க்ஸின் வழிதான் பிடித்திருக்கிறது.

எனவே பெயரைக் கேளுங்கள். போடலாமா என்றும் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். "ஏழை விவசாயி" என்று எழுதுவதற்குப் பதில் அவர் செய்யும் வேலையை எழுதுங்கள். நாற்றங்கால் விடுபவர், கோரைப்பாய் நெய்பவர், உப்பளத்தில் வாருபவர் என்று. எடுத்து முடித்ததும் திரையைக் காட்டி "இதுல எது நல்லா இருக்கு?" என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் நினைக்காத ஒன்றைத்தான் பெரும்பாலும் சொல்வார். அதையே பிரிண்ட் போட்டு அவர் கையில் கொடுங்கள். நம் ஊரில் வயதானவர்கள் பலருக்கு ரேஷன் கார்டில் இருக்கும் முகத்தைத் தவிர வேறு நல்ல படமே கிடையாது. பிறகு ஒரு நாள் வீட்டுச் சுவரில் மாட்டுவதற்கு அதைத்தான் ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி, பட்டுச்சேலை ஒட்டவைத்து வாங்கிவருகிறார்கள். தனக்குப் பிடித்த படம் ஒன்று அவர் உயிரோடு இருக்கும்போதே சுவரில் இருக்கட்டும்.